எனக்கில்லாத ‘டி’

எங்கம்மா அவளைப் பார்த்து, “இங்க வாடி, தலையெல்லாம் சொட்டுது” என்றாள்.

நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கத்தி வழுக்கித் தட்டில் கீறியது. உடனே ஓட்டல் கவுன்ட்டர் பக்கமிருந்து, “மெதுவா, மெதுவா” என்று ரகசியம் பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

அவள் வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு எங்கம்மா முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். அம்மா நாற்காலி முதுகில் கிடந்த துண்டை எடுத்து அவள் தலையை அரக்கப் பரக்கத் துவட்டினாள். “சளி பிடிச்சா யாருடி பாக்கறது இந்த ஊர்ல? துவட்டத் தெரியாதாடி உனக்கு?” ஒரு மூச்சில் எத்தனை டி! துவட்டி முடித்து, கலைந்த முடியை விரலால் ஒதுக்கிவிட்டு, முதுகில் செல்லமாக ஒரு அடியும் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். முகமே மாறிவிட்டது. பள்ளிக்கூடத்து ஆய்வாளர் முன்னால் நிற்கிற டீச்சர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு,

“நீங்க இன்னொரு முட்டை எடுத்துக்கங்களேன்” என்றாள்.

நீங்க. எடுத்துக்கங்க. பெற்ற தாய், பெற்ற மகளிடம்.

“வேணாம்” என்றேன். கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேதியியல். ரிசல்ட் வந்த அன்றைக்குச் சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “சாப்டீங்களா?” என்று கேட்டாள். எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். மறுநாளும் ‘நீங்க’. அதற்கு மறுநாளும். “என்னம்மா இது, கூத்து?” என்று கேட்டதற்கு, “படிச்சவங்களை எப்படி வா போன்னு சொல்றது? நான் குடுத்தாதான் நாலு பேர் உங்களுக்கு மரியாதை குடுப்பாங்க” என்று சொல்லிவிட்டாள். அதோடு முடிந்தது. அப்பாவுக்கு நான் இன்றைக்கும் கழுதைதான். தம்பிக்குப் பேய். அம்மாவுக்கு மட்டும் மேடம் ஆகிவிட்டேன். பட்டம் வாங்கினால் என்னென்னவோ கிடைக்கும் என்றார்கள். எது போகும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

இப்போது இந்த நகரத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. கூடவே சேர்ந்தவள் அந்த ஈரத்தலை. வாடகைக்கு அறை கிடைக்கும்வரை எங்கள் இருவரையும் ஆபீஸ்காரர்கள் இந்த ஓட்டலில் தங்க வைத்திருந்தார்கள். அவளுக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை. எனக்குத் துணையாக அம்மா லீவு போட்டு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்ப வேண்டும்.

ஓட்டல் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். யாரோ குடியிருந்த மாடி வீடு. கார் நிற்கிற இடத்தைத் தடுத்து கவுன்ட்டர் ஆக்கியிருந்தார்கள். கூடம் சாப்பாட்டு அறை. எங்கள் குளியலறைக் கதவில் குழந்தைகள் ஒட்டிவைத்த மீன் படம் ஒன்று சுரண்டியும் போகாமல் பாதி வாலோடு இருந்தது. வெளியே இரண்டு பக்கமும் வீடுகள்தான். மரங்கள், பூட்டிய கேட்டுகள், மொட்டைமாடிக் கொடிகளில் துணி. காலையில் பள்ளி வேன் வந்து போனால் அதற்கப்புறம் ஓர் இலை விழுந்தாலும் கேட்கும். குடியிருப்புப் பகுதியில் ஓட்டல் எதற்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே புகார் கொடுத்திருக்கிறாராம். அதனால் மானேஜருக்குச் சத்தம் என்றால் உயிர் போய்விடும். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் துணி சுற்றியிருந்தார். கரண்டிகளை மடித்த துணியின் மேல்தான் வைப்பார். கதவைச் சாத்தினால் “மெதுவா”, இருமினால் “மெதுவா”, சிரித்தால் “மெதுவா மேடம்”. அவருக்கு மெதுவா என்றே பெயர் வைத்துவிட்டேன்.

இந்த ஊரில் சண்டை போடக்கூட இடமில்லை. வயிற்றெரிச்சலையும் சத்தமில்லாமல் படவேண்டியிருந்தது.

அன்றைக்கு வேலை முடிந்து நானும் ஈரத்தலையும் நடந்து வந்துகொண்டிருந்தோம். அவள் அப்பா, அம்மா இரண்டு பேருமே பேராசிரியர்கள். அண்ணன் டாக்டர். வீட்டில் நாய்க்கும் ஏதாவது ஒரு டிகிரி இருக்கும்.

“உங்கம்மா செம ஸ்வீட் தெரியுமா” என்றாள்.

“ம்.”

“என்னை டி போட்டு கூப்பிடுறாங்க. எனக்கு ஒரே ஜாலி. எங்க வீட்ல எல்லாரும் எல்லாரையும் நீங்க வாங்கதான். எங்கப்பா எங்கம்மாவ நீங்கம்பார். எங்கம்மா என்னை நீங்கம்பாங்க. மீட்டிங்ல இருக்கற மாதிரியே இருக்கும். உங்கம்மா ‘குனிடி’ன்னு சொன்னப்ப எனக்கு அப்படியே...” என்று தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள்.

ஜாலியாம். மலைப் பிரதேசத்துக்கு வந்தவர்கள் குளிர் நன்றாக இருக்கிறது என்பார்களே, அந்த மாதிரி.

“அவ்வளவு பிடிச்சிருந்தா கூட்டிட்டுப் போ” என்றேன்.

“குடுப்பியா?” என்றாள் கண்ணை அகலமாக்கி. உண்மையாகவே கேட்கிறாள். முதல் நாள் ‘ஆன்ட்டி’யில் ஆரம்பித்தவள் அதற்குள் ‘அம்மா’வுக்கு வந்திருந்தாள். விட்டால் ரேஷன் அட்டையிலும் ஏறிக்கொள்வாள்.

ஓட்டலுக்கு வந்தோம். அம்மா மாடி வராந்தாவில் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தைத்து வருகிற சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிற பிரிவு. அதனால் யார் எதிரில் வந்தாலும் அவள் கண் முதலில் முகத்துக்குப் போகாது. தையலுக்குத்தான் போகும். சின்னக் கத்தரி எப்போதும் பையில் இருக்கும்.

“நில்லுடி” என்று ஈரத்தலையைப் பிடித்து நிறுத்தினாள். “இவ்வளவு காசு குடுத்து வாங்கிருக்க, இங்க பாரு கக்கத்துல எப்படித் தொங்குதுன்னு. கையத் தூக்கு.” அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அம்மா சுற்றிச் சுற்றி வந்து பிசிறு வெட்டினாள். கூச்சத்தில் அவள் நெளிய, “ஆடாதடி, சதையச் சேத்து வெட்டிருவேன்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கீழேயிருந்து “மெதுவா” வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி சிரித்தார்கள்.

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கண்ணாடி முன்னால் நின்று என் சட்டையைப் பார்த்தேன். அம்மா ஏற்கெனவே சுத்தமாக வெட்டிவைத்த சட்டை. ஒரு பிசிறு இல்லை. கை மடிப்பில் தையலை நகத்தால் நெம்பி ஒரு நூலை இழுத்துவிட்டேன். நன்றாகவே இழுத்தேன், ஒரு விரல் நீளத்துக்கு. வெளியே போய் அம்மா எதிரில் உட்கார்ந்து, கையை அவள் மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நான் படித்தவள். எந்தத் திரவத்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள். ஒரு நூலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா பார்த்துவிட்டாள். “உங்க கையில நூல் வந்திருக்குங்க” என்றாள்.

“அப்படியா?”

“ஆமா. கத்தரி வேணுங்களா?”

கைப்பிடி என் பக்கம் வருகிற மாதிரித் திருப்பிப் பணிவாக நீட்டினாள். நான் வாங்கி நானே வெட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. காலையில் நான் குளித்துவிட்டுக் கீழே வந்தேன். சாப்பாட்டு அறையில் யாருமில்லை. மெதுவா ஓடி வந்து நாற்காலியைத் தூக்கி, இழுக்காமல் தூக்கி, எனக்குப் போட்டார். தட்டை வைத்தார்.

“மேடம், உங்க வீட்டு ஆயாம்மாவும் அவங்க பொண்ணும் கடைக்குப் போயிருக்காங்க. நீங்க எந்திரிச்சதும் சொல்லச் சொன்னாங்க.”

எனக்குப் புரியவில்லை. “யாரு?”

“அதான் மேடம், உங்ககூட வந்திருக்காங்களே. உங்க துணியெல்லாம் மடிச்சு வெச்சு, சாப்பாடு எடுத்து வெச்சு...”

“அவங்க பொண்ணா?”

“அந்தத் தலை ஈரமா வர்ற பொண்ணு.” குரலை இன்னும் இறக்கினார். “ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு உங்க மேல ரொம்ப மரியாதை மேடம். யாரு செய்வா இந்தக் காலத்துல? வேலைக்கு இருக்கறவங்க பொண்ணுக்கு உங்க ஆபீஸ்லயே வேலை வாங்கிக் குடுத்து, தனி ரூம் போட்டு, ஒரே மேஜையில பக்கத்துல உக்கார வெச்சு... பெரிய மனசு மேடம் உங்களுக்கு. அந்த அம்மாவும் பாருங்க, வாய் நிறைய உங்களை நீங்க வாங்கங்கறாங்க. பொண்ணையும் நல்லா கண்டிச்சுத்தான் வளத்திருக்காங்க.”

என் காது இரண்டும் சூடாகின. சிரிப்பதா அழுவதா என்று கேட்பார்களே, எனக்கு அந்தக் குழப்பமே இல்லை. அடிக்க வேண்டும்போல இருந்தது. அவரை இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் கேட் திறந்தது. அம்மா முன்னால், ஈரத்தலை பின்னால். அம்மா கைப்பையை அவள் மாட்டியிருந்தாள். அம்மா ஒரு சீப்பு வாங்கியிருந்தாள். யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

“எந்திரிச்சிட்டீங்களா? சாப்டீங்களா?” என்றாள் அம்மா.

“இவர்கிட்ட நீ யாருன்னு சொல்லி வெச்சிருக்க?”

“ஒண்ணும் சொல்லலீங்களே.”

“உன்னை என் வீட்டு ஆயான்னு நினைச்சுட்டு இருக்கார். இவளை உன் பொண்ணுன்னு நினைச்சுட்டு இருக்கார்!”

ஈரத்தலை, “ஐயோ!” என்று வாயில் கை வைத்தாள். மெதுவாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா மட்டும் அசையவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, “தெரியும்” என்றாள்.

“தெரியுமா?”

“வந்த அன்னிக்கே அப்படித்தான் நினைச்சார். அவரா நினைச்சுக்கிட்டார். எதுக்கு மறுத்துப் பேசணும்னு விட்டுட்டேன்.” பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கொஞ்சம்கூட வருத்தமில்லை. பெருமைதான் இருந்தது. “உங்ககிட்ட எவ்வளவு மரியாதையா நடந்துக்கறார், பாத்தீங்கல்ல?”

அப்போதுதான் கத்தினேன். எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு நின்று நான் கத்துகிற கத்தல் ஒன்று உண்டு. படித்தாலும் அது எங்கேயும் போய்விடவில்லை.

“இது எங்கம்மா! என்னைப் பெத்தவ! கேட்டுச்சா எல்லாருக்கும்? இவ இல்ல, நான்தான் பொண்ணு! நான்! ஆயாவாம்! ஒருத்தன் உன்னை ஆயாங்கறான், நீ வாய மூடிட்டு அவன் போடற டீயக் குடிச்சிட்டு இருக்க!”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. புகார் கொடுத்த மனிதர் பல் துலக்குகிற பிரஷ்ஷோடு மொட்டைமாடிச் சுவரில் எட்டிப் பார்த்தார். மெதுவா வாயைத் திறந்தார், மூடினார். அந்த ஒரு வார்த்தை அவருக்கு அன்றைக்கு வரவில்லை. “மன்னிச்சிருங்கம்மா” என்று அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். ஈரத்தலை, “ஸாரி, ஸாரி” என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு கைப்பையை மேஜையில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். நானும் அம்மாவை இழுத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டேன்.

உள்ளே வந்ததும் இரண்டு பேருக்கும் குரல் தானாக இறங்கியது. ஓட்டலின் பழக்கம் ஒட்டிவிட்டது.

“ஏன் அவளுக்கு மட்டும்?”

“எவளுக்குங்க?”

“ஈரத்தலைக்கு. வாடி போடி நில்லுடி குனிடி. எனக்கு மட்டும் ஏன் ஆபீஸ் மரியாதை? நான் என்ன உனக்கு மேலதிகாரியா?”

அம்மா கட்டிலின் ஓரத்தில், விரிப்பு கசங்காதபடி உட்கார்ந்தாள்.

“அவளை யார் டி போட்டாலும் ஒட்டாதுங்க. நான் போட்டாலும் சரி, வேற எவன் போட்டாலும் சரி. தட்டிவிட்டுட்டுப் போயிருவா. அவ வீட்ல அத்தனை பேரு படிச்சிருக்காங்க. நமக்கு அப்படியா? நமக்கு ஒட்டிக்கும்.”

“என்ன ஒட்டிக்கும்?”

“எங்க சூப்பர்வைசர் இருக்கான்ல? உங்க தம்பியவிட ஒரு வயசு கூட இருந்தா அதிகம். ‘ஏய், இங்க வாடி’ங்கறான். நான் திரும்பறேன். என் பேரு அவனுக்குத் தெரியாது. நான் அங்க சேந்தப்போ முதல்ல ஒருத்திதான் வாடின்னு கூப்பிட்டா, பிரியமாத்தான் கூப்பிட்டா. பக்கத்துல இருந்தவன் கேட்டான். அவன் கூப்பிட்டான். அப்புறம் எல்லாரும். இன்னிக்கு எவனாவது என்னை நீங்கன்னா எனக்கே யாரையோ சொல்றாங்கன்னு இருக்கு.” கையிலிருந்த புதுச் சீப்பின் பல்லை நகத்தால் தடவிக்கொண்டே சொன்னாள். “உங்களுக்கு அது ஆரம்பிச்சா, என் வாயிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். சரியாகப் பேசுகிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் சரி. ஆனால் எனக்கு வேண்டியது சரியானது இல்லை. அந்தப் பேராசிரியர் மகள் தோளைக் குறுக்கிக்கொண்டு அனுபவித்தாளே, அது எனக்கு வேண்டும். அது என்னுடையது. எனக்குப் போக மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு.

“சரிங்க” என்றேன்.

அம்மா நிமிர்ந்தாள்.

“கால நல்லா நீட்டி உக்காருங்க. வெயில்ல நடந்து வந்திருக்கீங்க.”

“என்ன இது?”

“மரியாதைங்க. நான் குடுத்தாதானே நாலு பேர் உங்களுக்குக் குடுப்பாங்க? இப்பவே அந்த மானேஜர் கும்பிட்டார் பாருங்க. இனிமே இப்படித்தான். உங்க சூப்பர்வைசர்கிட்டயும் வந்து பேசறேன், நீங்க எப்பன்னு சொல்லுங்க.”

“வெளையாடாதீங்க.”

“வெளையாடலைங்க. தண்ணி குடிக்கிறீங்களா?” டம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. “சரி, அப்புறமாக் குடிங்க. உங்க பைய எங்க வெக்கட்டுங்க? நாளைக்கு ஊருக்குப் போறீங்கல்ல, துணியெல்லாம் நானே மடிச்சுத் தந்துடறேங்க. போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணுங்க. உங்க உடம்பப் பாத்துக்கங்க.”

வேண்டுமென்றேதான் செய்தேன். முகத்தில் சிரிப்பு வராமல், வங்கியில் கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கிற பெண் பேசுகிற மாதிரி, தெளிவாக, சுத்தமாக. அவள் எனக்குச் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் திருப்பிக் கொடுத்தேன். முதலில் அம்மா உதட்டைச் சுழித்தாள். அப்புறம் கதவைப் பார்த்தாள். அப்புறம் அவள் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. தெரியாத ஊரில் இறங்கி, வந்து கூட்டிப்போவதாகச் சொன்ன ஆள் வராமல் நிற்பவள் முகம்.

“உங்களுக்குச் சாயங்காலம் என்னங்க வாங்கிட்டு வரட்டும்?”

“எங்கிட்ட ஏன்டி இப்படிப் பேசற?”

நான் அசையவில்லை.

“யாரோ மாதிரி பேசறியேடி. நீங்கங்கற, வாங்கங்கற... நான் உன்னைப் பெத்தவடி!” கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். கையில் எட்டியது என் முழங்கை. அதில் ஒரு அடி விழுந்தது. செல்ல அடி இல்லை, வலிக்கவே வலித்தது. “படிச்சிட்டா பெத்தவகிட்ட இப்படித்தான் பேசச் சொல்லிக் குடுக்கறாங்களா?”

தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் திருத்திக்கொள்வாள். பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு, அவள் பக்கத்தில் விரிப்பு கசங்க உட்கார்ந்தேன்.

கதவு தட்டப்பட்டது. மெதுவாகத்தான்.

“அம்மா?” ஈரத்தலையின் குரல். “அம்மா, நான் உள்ள வரலாமா? மன்னிப்பு கேக்கணும்.”

அம்மா எழப் போனாள். நான் முந்திக்கொண்டு போய்க் கதவில் சாய்ந்து நின்றேன்.

“அம்மா தூங்கறாங்க” என்றேன், சத்தமாக.

“இப்பத்தானே மேல வந்தீங்க?”

“படுத்ததும் தூங்கிடுவாங்க.”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். “பாவம்டி அவ” என்று வாய்க்குள் சொன்னாள். “கதவத் திறடி.”

வெளியே அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கதவுக்கு அடியில் நிழல் தெரிந்தது. நிற்கட்டும் என்று விட்டேன். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.